தொழில் உங்களுடையது, பெயர் யாருடையது?

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையம் பக்கம் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். பஜ்ஜிக் கடை, பூக்கடை, ஜாக்கெட் தைக்கும் கடை, இட்லி மாவு பாக்கெட் விற்கும் கடை என்று வரிசையாக இருக்கும். நிறைய கடைகளில் வியாபாரம் பார்ப்பது ஒரு பெண். விடியற்காலையில் எழுந்து மாவு அரைப்பதும் அவர்தான், கடன் சொல்லிப் போனவர்களை ஞாபகம் வைத்துக் கேட்பதும் அவர்தான். இப்போது காசு கொடுக்கப் போனை எடுத்து க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள். திரையில் வரும் பெயரைப் பாருங்கள். பல நேரம் அது அந்தப் பெண்ணின் பெயராக இருக்காது. கணவர் பெயரோ, அண்ணன் பெயரோ, மகன் பெயரோ இருக்கும்.

"அதனால என்னங்க, வீட்டுக்குத்தானே வருது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டுச் செலவுக்கு அந்தப் பணம் வருகிறவரை எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, ஆர்டர் கொடுத்த கம்பெனி பணம் தராமல் இழுக்கும்போது, அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் முதல் கேள்வி, "தொழில் யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். பத்து வருடம் உழைத்த பெண், காகிதத்தில் 'இல்லத்தரசி'யாக நிற்பது அப்போதுதான் தெரியவரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே வீட்டில் மகளிர் குழுக் கடன், நகைக் கடன், தவணைக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் எல்லாம் பெண்ணின் பெயரில் இருக்கும். வருமானம் ஒருவர் பெயரில், கடன் இன்னொருவர் பெயரில்! பெண் தொழில்முனைவோர் சந்திக்கும் பல சிக்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. இதை ஒவ்வொரு படியாக எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

இது புதுப் பிரச்சினை இல்லை

1974-ல் அகமதாபாத்தில் இலா பட் தலைமையிலான சேவா அமைப்பைச் சேர்ந்த 4,000 பெண்கள், ஆளுக்கு 10 ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள், பழைய துணி வியாபாரம் செய்பவர்கள். பதிவு செய்யப் போனபோது வந்த தடை, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்பது. அந்தப் பெண்கள் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார்கள். வங்கி பதிவானது.

நம்ம சென்னையிலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1978-ல் ஜெயா அருணாசலம் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பூ, காய்கறி, பலகாரம் விற்ற பெண்கள் அன்றாட முதலுக்கே வட்டிக்காரர்களை நம்பியிருந்த காலம் அது. ஒரே பகுதிப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் உறுதி சொல்லும் முறையில் வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தது அந்த அமைப்பு. வங்கியின் படிவமும் நேரமும் தெருவோர வியாபாரிக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும், 1981-ல் சொந்தமாகக் கூட்டுறவுக் கடன் சங்கமே தொடங்கிவிட்டார்கள்.

அன்று அந்தப் பெண்கள் நாள் கணக்கில் அலைந்து செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று போனிலேயே முடிக்கலாம். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

படி 1: பெயரும் இனிஷியலும் ஒன்றாகட்டும்

சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பல விண்ணப்பங்கள் முதல் அடியிலேயே நிற்பது இங்கேதான். ஆதாரில் கணவர் இனிஷியல், பான் அட்டையில் அப்பா இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒருவர்தான் என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

எந்தப் பெயரில் தொழில் நடத்தப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு மற்ற ஆவணங்களை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் யோசித்துச் செய்யுங்கள். பான் அட்டை இல்லாதவர்கள், ஆதாருடன் இணைத்த கைபேசி எண் இருந்தால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் இ-பான் கட்டணமில்லாமல் பெறலாம். அந்தக் கைபேசி எண் உங்கள் கையில் இருக்கும் போனுடைய எண்ணாக இருக்கட்டும். ஓடிபி வேறொருவர் போனுக்குப் போனால், ஒவ்வொரு முறையும் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

படி 2: உத்யம் பதிவு

உங்கள் தொழிலுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் மாதிரி இது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இணையவழிப் பதிவு. ஆதார், பான், கைபேசி, வங்கிக் கணக்கு எண் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டாம். வீட்டில் மசாலா அரைப்பவரும், இரண்டு தையல் மெஷின் வைத்திருப்பவரும் இதில் 'குறு நிறுவனம்'தான்.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

* இந்தப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. கூகுளில் தேடும்போது அரசு இணையதளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் பக்கங்கள் மேலே வரும். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆதார் எண்ணைப் போட வேண்டும்.
* உற்பத்தி, சேவை, வர்த்தகம் என்ற மூன்றில் உங்கள் வேலை எது என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். நீங்களே தைத்தோ சமைத்தோ பேக் பண்ணியோ கொடுத்தால் அது வெறும் வர்த்தகம் இல்லை. வர்த்தகம் என்று மட்டும் பதிந்தால், பின்னால் சொல்லப்போகும் நிலுவைப் பணப் பாதுகாப்பு கிடைக்காது.
* புதுத் தொழில்களுக்கான மானியக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், எதை முதலில் செய்ய வேண்டும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுப் பதியுங்கள். ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று பதிவாகிவிட்டால் அந்தத் திட்டங்கள் பொருந்தாமல் போகலாம்.

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்தாலும் வேண்டும். சிறு விற்பனையாளர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, எளிய பதிவே போதும். அதையும் உங்கள் பெயரிலேயே எடுங்கள்.

படி 3: கணக்கும் க்யூஆரும்

உத்யம் சான்று கையில் வந்ததும் வங்கிக்குப் போய்த் தொழில் பெயரில், உங்களை உரிமையாளராகக் காட்டி, ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். தனி உரிமையாளர் கணக்குக்குத் தொழில் நடப்பதைக் காட்டும் இரண்டு சான்றுகள் கேட்பார்கள். உத்யம் ஒன்று, உள்ளாட்சியின் தொழில் உரிமம், உணவுப் பதிவு, ஜிஎஸ்டி போன்றவற்றில் இன்னொன்று. பொருள் விற்பனை ஆண்டுக்கு ரூ.40 லட்சத்துக்குள்ளும், சேவை ரூ.20 லட்சத்துக்குள்ளும் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் விதி வேறு.

பிறகு கடையில் இருக்கும் க்யூஆர் அட்டையை அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். இது வெறும் கௌரவத்துக்கு இல்லை. தினமும் விழும் 40 ரூபாயும் 60 ரூபாயும் ஆறு மாதத்தில் ஒரு வரலாறாகிவிடும். சொத்துப் பத்திரம் இல்லாத ஒருவருக்கு, "இந்தாங்க, எனக்கு மாசம் இவ்வளவு வியாபாரம் நடக்குது" என்று வங்கியில் காட்ட இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. அந்த வரலாறு இத்தனை நாளும் வேறொருவர் பெயரில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

படி 4: "சொத்து ஏதாவது இருக்காம்மா?"

கடன் கேட்டுப் போன பெண்களில் பலர் திரும்பி வருவது இந்தக் கேள்வியில்தான். வீடு மாமனார் பெயரில், மனை கணவர் பெயரில் இருக்கும். தெரிந்துகொள்ளுங்கள்: குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கிகள் பிணைச் சொத்து கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மாதிரிக் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுக்கத் தனி அறக்கட்டளை நிதியமே இருக்கிறது.

எந்தக் கடன் யாருக்கு?

* முத்ரா: ஏற்கெனவே தொழில் செய்பவருக்கும் கிடைக்கும். 'சிசு' பிரிவில் ரூ.50,000 வரை, 'கிஷோர்' பிரிவில் ரூ.5 லட்சம் வரை, 'தருண்' பிரிவில் ரூ.10 லட்சம் வரை.
* யுஒய்இஜிபி: தமிழ்நாடு அரசின் வேலையில்லா இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டம். 'இளைஞர்' என்ற சொல்லைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு. ரூ.15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.75 லட்சம் மானியம்.
* பிஎம்இஜிபி: புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். உற்பத்திக்கு ரூ.50 லட்சம், சேவைக்கு ரூ.20 லட்சம் வரை. பெண்களுக்கு நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும்.
* நீட்ஸ்: ரூ.10 லட்சத்துக்கு மேல் ரூ.5 கோடி வரையிலான பெரிய திட்டங்களுக்கு. 25 சதவீத மானியம், அதிகபட்சம் ரூ.75 லட்சம். கூடவே 3 சதவீத வட்டிச் சலுகை.

2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், பெண்களுக்கென்றே ரூ.10 லட்சம் வரை மானியத்துடன் கூடிய கடன் திட்டமும் அறிவிக்கப்பட்டது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் இவற்றின் விதிகள் எப்படி இருக்கின்றன என்று மையத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எந்த மையம்? நம் பக்கத்தில் பலருக்கும் குழப்பம் இதில்தான். அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆகவே அம்பத்தூர், பாடி, கொரட்டூர் பக்கம் தொழில் செய்பவர்கள் கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆவடி, பட்டாபிராம், திருவேற்காடு, பூந்தமல்லி எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். அவர்களுக்கான மாவட்டத் தொழில் மையம் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கிறது. பேருந்தில் ஏறும் முன் இதைப் பார்த்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சம்.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. மானியத் தொகை கையில் ரொக்கமாக வராது. உதாரணமாக, பிஎம்இஜிபி மானியம் 3 ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழியும். "மானியம் வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் கொடுங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448.

படி 5: வர வேண்டிய பணம்

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றிச் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் நிறையவே நடக்கிறது. பெண் தொழில்முனைவோருக்கென்றே திருமுல்லைவாயலில் சிட்கோவின் தொழிற்பேட்டை இருக்கிறது. இங்கெல்லாம் ஆர்டர் கிடைப்பது ஒரு கஷ்டம் என்றால், முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வாங்குவது இன்னொரு கஷ்டம்.

ஓர் உதாரணம். ஆவடியில் ஓர் அக்கா ஒரு கம்பெனிக்கு 500 யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தார் என்று வையுங்கள். துணி, நூல், இரண்டு பேர் சம்பளம் எல்லாம் கைக்காசு. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்று நான்கு மாதம் போகிறது. அந்த இடைவெளியை அவர் வட்டிக்கு வாங்கி நிரப்புகிறார். லாபம் வட்டியில் கரைகிறது.

2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் இவருக்காகத்தான். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 90 நாள் என்று எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 'சமாதான்' இணையதளம் வழியாக வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு இடங்களில் இந்த மன்றங்கள் உள்ளன. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாங்குபவர், முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

"புகார் கொடுத்தா அடுத்த ஆர்டர் வராதே" என்ற பயம் நியாயமானது. அதனால் சண்டையில் ஆரம்பிக்க வேண்டாம். உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சடியுங்கள். பில்லின் கீழே '45 நாளுக்குள் செலுத்தவும்' என்று ஒரு வரி போதும். 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே உங்கள் பில்லில் அந்த எண்ணைப் பார்த்தால், கம்பெனியின் ஆடிட்டரே ஞாபகப்படுத்துவார்.

இதற்கெல்லாம் அடிப்படை, சரக்கு கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருப்பதும், பில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருப்பதும். டெலிவரி சலானில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

படி 6: உங்கள் பெயரில் மற்றவர் கடன்

"உன் பேர்ல எடுத்துக் குடும்மா, தவணையை நான் கட்டிடறேன்." நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோ கேட்டால் மறுக்க மனசு வராது. ஆனால் அவர் கட்டாமல் விட்டால் பாதிக்கப்படுவது உங்கள் கடன் மதிப்பெண். நாளைக்கு நீங்கள் தொழிலுக்குக் கேட்கும் கடன் அங்கே அடைபடும்.

கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு உள்ளன: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். உங்களுக்குத் தெரியாத கடன் ஏதாவது உங்கள் பெயரில் இருந்தால் இதில் தெரிந்துவிடும். நுண்கடனில் ஒரு குடும்பத்தின் மொத்த மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டு வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்துள்ளது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. கடன் செயலியில் ஏமாந்தால் உடனே 1930.

கடைசிப் படி: வீட்டில் பேசுவது

இதற்கு இணையதளம் கிடையாது. கஷ்டமான படியும் இதுதான். "என்னங்க, க்யூஆரை என் கணக்குக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டால், "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்ற பதில் வரலாம். நம்பிக்கை பற்றிய பேச்சாக இதை ஆக்க வேண்டாம். கணக்காகப் பேசுங்கள். பெண் பெயரில் இருந்தால் பிஎம்இஜிபி திட்டத்தில் நகர்ப்புற மானியமே 15 சதவீதத்திலிருந்து 25 ஆகிறது, சொந்தப் பங்கு 10-லிருந்து 5 ஆகக் குறைகிறது. இது குடும்பத்துக்கே லாபம்.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. கணவரின் தனிப் பெயரில் எல்லாம் இருந்து, அவருக்குத் திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் கணக்கு நின்றுவிடும். நாமினிக்குப் பணம் கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கிலோ க்யூஆரிலோ வியாபாரம் தொடராது. துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வருமானமும் சேர்ந்து நிற்கும். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்துவிடுங்கள். அந்தப் பேச்சிலேயே இதையும் ஆரம்பிக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

* திங்கள்: ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரை ஒப்பிடுங்கள்.
* செவ்வாய்: உங்கள் கடை க்யூஆரை நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள். யார் பெயர் வருகிறது?
* புதன்: இலவசக் கடன் அறிக்கை ஒன்றை இறக்கிப் படியுங்கள்.
* வியாழன்: வர வேண்டிய பணம், தேதி, தொகை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.
* வெள்ளி: கிண்டியா, காக்களூரா என்று பார்த்து, உங்கள் மையத்துக்குப் போய் உங்கள் தொழிலுக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்று கேளுங்கள்.
* சனி: அவர்கள் சொன்னபடி உத்யம் பதிவு. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஏதாவது அரசு சேவையில் தடங்கல் என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. வீட்டிலோ வெளியிலோ மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181. இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள். அடுத்த முறை உங்கள் கடையில் ஒருவர் ஸ்கேன் செய்யும்போது, திரையில் உங்கள் பெயர் வரட்டும்.